மறந்தோமா, மன்னித்தோமா?

பறவைநாகமும் பூதங்களும் மந்திரவாதியும் நடமாடும் ஒரு புதினத்தைப் பற்றிக் குடும்ப இதழொன்றில் எழுதுவானேன் என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். எனக்கே அந்த ஐயம் இருந்தது. முதன்முறை அந்நூலைக் கையில் எடுத்தபோது, இது சிறுவர்க்கான கதை போலும் என்று எண்ணி, ஐம்பது பக்கங்களுக்குள் மூடி வைத்துவிட்டேன். இரண்டாம் முறை எடுத்தபோது கீழே வைக்க மனம் வரவில்லை. ஏனெனில் அதன் நடுவே நிற்பவை பறவைநாகமும் பூதங்களும் அல்ல. ஒருவரையொருவர் உயிருக்குயிராய் நேசிக்கும் ஒரு முதியவரும் அவர் மனைவியுமே. அவ்விருவரையும் வாட்டும் கேள்வி, நம் பங்குகளில் வெள்ளி விழாவும் பொன் விழாவும் கொண்டாடும் தம்பதியர் எவர்க்கும் அந்நியமானதன்று.

நூலின் பெயர் ‘த பரீட் ஜயன்ட்’. தமிழில் ‘புதையுண்ட அரக்கன்’ எனலாம். 2015-ஆம் ஆண்டு வெளிவந்தது. எழுதியவர் கசுவோ இஷிகுரோ. 1954-இல் ஜப்பானின் நாகசாகி நகரில் பிறந்து, 1960-இல் ஐந்து வயதுச் சிறுவனாய்ப் பெற்றோருடன் இங்கிலாந்து சென்று, அங்கேயே வளர்ந்து, ஆங்கிலத்தில் எழுதிப் புகழ் பெற்றவர். 1989-இல் ‘த ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே’ என்னும் புதினத்துக்காகப் புக்கர் பரிசும், 2017-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசும் அவரை வந்தடைந்தன. இந்நூலின் தொடக்கப் பகுதியை எழுதி மனைவியிடம் படிக்கக் கொடுத்தாராம். இது சற்றும் தேறாது என்று அம்மையார் கூறிவிடவே, எழுதியதை ஒதுக்கிவிட்டுச் சில ஆண்டுகளுக்குப் பின் புதிதாகத் தொடங்கினாராம். கணவனும் மனைவியும் பற்றிய கதையல்லவா? மனைவியின் சொல்லைக் கேட்டது நூலுக்கு நன்மையாகவே முடிந்தது.

கதை நிகழும் களம் பழைய பிரித்தானியத் தீவு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமையர் ஆட்சி அங்கு முடிவுற்றது. அதன் பின்னர்க் கடல் கடந்து வந்த சாக்சனியர் தீவின் கிழக்கே குடியேறினர். முன்னரே வாழ்ந்த பிரித்தானியர் கிறிஸ்தவர். வந்து குடியேறியவரோ புறவினத்தார். இரு சாராருக்கும் நெடுங்காலம் போர் நடந்தது. அப்போர்களில் பிரித்தானியருக்குத் தலைமை தாங்கியவன் ஆர்தர் மன்னன் என்பது பழங்கதை. இஷிகுரோவின் கதை தொடங்கும்போது ஆர்தர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நாட்டில் அமைதி நிலவுகிறது. பிரித்தானியரும் சாக்சனியரும் அண்டை அயலாராய் வாழ்கின்றனர். ஆனால் நாடெங்கும் ஒரு மூடுபனி கவிந்திருக்கிறது. அதனுள் வாழ்வோர் எல்லாவற்றையும் மறந்துவிடுகின்றனர். முதுமையினால் வரும் மறதியன்று இது, சிறுவரும் மறக்கின்றனர்.

எவ்வளவு மறக்கின்றனர் என்பதைக் காட்ட ஆசிரியர் ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்கிறார். மார்த்தா என்னும் சிறுமி ஒரு மாலையில் வீடு திரும்பவில்லை. ஊரே கூடிப் பதறுகிறது. சற்று நேரத்தில் எவரோ ஒருவர் வானில் கண்ட கழுகைப் பற்றிப் பேச, பேச்சு திசை திரும்பி வாக்குவாதமாகிறது. காணாமற்போன குழந்தையை அனைவரும் மறந்துவிடுகின்றனர். குழந்தை தானாகவே நடந்து வந்து வீடு சேர்கிறது. பெற்றவளுக்குக்கூடத் தான் அஞ்சியது நினைவில்லை. படிக்கும்போது சிரிப்பு வருகிறது. அடுத்த கணமே நெஞ்சு துணுக்குறுகிறது.

இந்த ஊரின் ஓரத்தில் வாழ்பவர்களே ஆக்ஸலும் பியாட்ரிஸும். வயது முதிர்ந்தவர்கள். குன்றைக் குடைந்து அமைத்த இருப்பிடத்தில், கணப்பின் வெப்பம் எட்டாத கடைசி அறை அவர்களுடையது. இரவில் மெழுகுதிரி ஏற்றிக்கொள்ளும் உரிமையும் ஊராரால் மறுக்கப்பட்டுவிட்டது. இருளில் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு உறங்குகின்றனர். ஆக்ஸல் தம் மனைவியை இளவரசி என்றே எப்போதும் அழைக்கிறார். அவர்களுக்கு ஒரு மகன் உண்டு. அவன் முகம் நினைவில்லை; ஏன் வீட்டை விட்டுப் போனான் என்பதும் நினைவில்லை. சில நாள் நடைத்தொலைவில் உள்ள ஓர் ஊரில் தங்களை எதிர்நோக்கியிருக்கிறான் என்று மட்டும் உறுதியாக நம்புகின்றனர். ஒருநாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு மகனைத் தேடிப் புறப்படுகின்றனர்.

வழியில் மழைக்கு ஒதுங்கிய பாழடைந்த உரோமை மாளிகையில் ஒரு படகோட்டியைக் காண்கின்றனர். கடலுக்கு அப்பால் ஒரு தீவு. அங்குச் செல்வோரை ஏற்றிச் செல்வது அவன் தொழில். அத்தீவில் ஒவ்வொருவரும் தன்னந்தனியே வாழவேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்தே சென்றாலும் அங்கே ஒருவரையொருவர் காணமுடியாது. அரிதினும் அரிதாய், உண்மை அன்பினால் பிணைந்த தம்பதியர் மட்டும் இணைபிரியாமல் வாழ அனுமதி பெறுவர். அந்த அன்பை அறிய, படகோட்டி அவர்களைத் தனித்தனியே அழைத்து, அவரவர் உள்ளத்தில் போற்றி வைத்திருக்கும் நினைவுகளைக் கேட்பான். இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பான்.

இதைக் கேட்டது முதல் பியாட்ரிஸின் அமைதி குலைந்துவிடுகிறது. நமக்கு ஒன்றும் நினைவில்லையே, நம் அன்பை எப்படி மெய்ப்பிப்போம் என்று அவள் கலங்குகிறாள். நினைவு திரும்பவேண்டும் என்று ஏங்குகிறாள். ஆக்ஸல் உடனே ஒப்புக்கொள்வதில்லை. இப்போது நெஞ்சில் இருக்கும் அன்பே போதாதா என்பது அவர் எண்ணம். மறைந்து கிடப்பது நல்லதாகவே இருக்கும் என்பதற்கு என்ன உறுதி? வழியில் அவரிடம் அவள் ஒரு வாக்குறுதி கேட்கிறாள்: நினைவு திரும்பி என்ன வெளிப்பட்டாலும், இக்கணம் என்மேல் நீர் கொண்டிருக்கும் அன்பை மறக்கலாகாது. அவரும் அதையே அவளிடம் கேட்கிறார். எத்தனை ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தாலும், துணையின் உள்ளத்தில் தனக்குத் தெரியாத ஓர் அறை உண்டோ என்ற அச்சம் அறவே நீங்குவதில்லை போலும். இந்நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுவே.

மூடுபனி எங்கிருந்து வருகிறது? குவெரிக் என்னும் பெண் பறவைநாகத்தின் மூச்சிலிருந்து வருகிறது. அதைக் கொல்வதற்கென்று விஸ்டன் என்னும் சாக்சனிய வீரன் வந்திருக்கிறான். ஆர்தரின் மெய்க்காவலருள் எஞ்சியிருக்கும் முதிய வீரர் கவெய்ன், துருப்பிடித்த கவசத்துடனும் கிழட்டுக் குதிரையுடனும் அதே மலையில் சுற்றுகிறார். பறவைநாகத்தைக் கொல்லும் பொறுப்பு தமக்கே உரியது என்கிறார். நூலின் இறுதியில்தான் உண்மை வெளிப்படுகிறது: அவர் அதன் பகைவர் அல்லர், அதன் காவலர்.

நடந்தது இதுதான். ஆர்தர் மன்னன் காலத்தில் இரு இனத்தாருக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. போரிடும் வீரர் போரிடட்டும். பெண்டிர், குழந்தைகள், முதியோர் மேல் கை வைக்கலாகாது என்பது அதன் சாரம். ஊர் ஊராய்ச் சென்று அவ்வுடன்படிக்கையைச் சாக்சனியரிடம் எடுத்துரைத்து, அவர்கள் நம்பிக்கையைப் பெற்றவர் வேறு எவருமல்லர், இளமைக்கால ஆக்ஸல். ஆனால் ஆர்தரே அதை மீறினான். காவலற்றுக் கிடந்த சாக்சனியச் சிற்றூர்களில் அவன் படை புகுந்து, குழந்தைகளையும் விடாது கொன்று குவித்தது. மனம் வெதும்பிய ஆக்ஸல் மன்னனை முகத்துக்கு நேரே சபித்துவிட்டு வெளியேறினார். பின்னர் மெர்லின் என்னும் மந்திரவாதி பறவைநாகத்தின் மூச்சில் மறதியை ஏற்றிவைத்தான். கொன்றவனும் மறந்தான், இழந்தவனும் மறந்தான். அந்த மறதியின்மேல் எழும்பியதே நாட்டின் அமைதி.

கவெய்னை வில்லனாக்கிவிட ஆசிரியர் விரும்பவில்லை. ஒரு தலைமுறைக் காலம் பழைய பகை உறங்கினால், புண் தானே ஆறி, இரு இனமும் ஒன்றாகிவிடாதா என்பது அந்தக் கிழவரின் வாதம். சண்டையிட்ட சுற்றத்தாரிடம், பழையதைக் கிளறாதீர்கள் என்று நாமும் சொல்கிறோமே, அதே வாதம்தான். அதில் ஓரளவு அறிவும் உண்டு, இரக்கமும் உண்டு. ஆயினும் புண்பட்டவரைக் கேளாமல், புண்படுத்தியவரே அவர் வாயையும் நினைவையும் கட்டிவைப்பது எந்த வகை நீதி? புண்ணில் புழுக்கள் மொய்த்துக் கிடக்க, அது ஆறிவிட்டதென எப்படிச் சொல்வது என்று விஸ்டன் கேட்கும் கேள்விக்குக் கவெய்னிடம் விடையில்லை.

நம் வாசகர்கள் நின்று நிதானமாகப் படிக்கவேண்டிய பகுதி, மலைமேல் உள்ள துறவியர் மடத்தில் நடக்கும் நிகழ்ச்சிகள். இம்மடத்துத் துறவிகள் விசித்திரமான தவம் புரிகின்றனர். வண்டிபோன்ற ஒரு சாதனத்தில் தங்களைப் பிணைத்துக்கொண்டு, காட்டுப் பறவைகள் தங்கள் உடலைக் கொத்திக் கிழிக்கும்படி முறைவைத்துக் காத்திருக்கின்றனர். நாட்டில் முன்பு நடந்து, தண்டனையின்றிப் போன கொடுமைகளுக்குப் பரிகாரமாம் இது. நல்லவரும் அறிஞருமான ஜோனஸ் அடிகள் இத்தவத்தினால் புண்பட்டு, நோயாளியாய்ப் படுத்திருக்கிறார். புறவினத்தானாகிய விஸ்டன் இதைக் கண்டு ஏளனம் செய்கிறான். சிறிது உடல் வருத்தமும் சில செபங்களும் கொடுத்தால் உங்கள் கடவுள் கொலைகளையும் மன்னித்துவிடுவாரோ, அவ்வளவு எளிதாக விலைபோகிறவரா அவர், எல்லையற்ற இரக்கமுள்ள கடவுள் உங்கள் பேராசைக்கும் கொலைவெறிக்கும் அல்லவா உரிமச்சீட்டு வழங்கிவிட்டார் என்ற பொருள்படப் பேசுகிறான்.

இந்நூல் கத்தோலிக்கக் கண்ணோட்டத்தில் எழுதப்பட்டதன்று. ஆகையால் விஸ்டனின் கேள்விக்கு மறைவல்லுநரின் மறுமொழி அதில் இல்லை. சினங்கொண்டு நூலை மூடிவைப்பதைவிட, அக்கேள்வியை நாமே எடுத்து ஆராய்வது நன்று. நம் முன்னோர் மனப்பாடம் செய்த ஞானோபதேசம், நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்கிறது. பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருதல் முதலாவது. மனஸ்தாபப்படுதல், இனிச் செய்வதில்லை எனப் பிரதிக்கினை செய்தல், குருவிடம் மறைக்காமல் சொல்லுதல் ஆகியவை அடுத்தவை. அபராதம் தீர்த்தல் கடைசியானது. அந்தத் துறவிகள் ஐந்தாவதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அதையும் வரம்பின்றிச் செய்தார்கள். முதலாவதையோ தொடவேயில்லை. பாவம் மறைந்தே கிடக்கிறது. கொலையுண்டவரின் மக்களிடம் ஒருவரும் சென்று, இன்னது செய்தோம் என்று சொல்லவில்லை. சக்கேயு இயேசுவின் முன் எழுந்து நின்றபோது, தன்னை அடித்துக்கொண்டு அழுததாக நற்செய்தியில் இல்லை. யாரிடம் வஞ்சித்து வாங்கினானோ அவனுக்கு நான்கு மடங்கு திருப்பித் தருவதாகவே சொன்னான். ஆக, விஸ்டன் ஏளனம் செய்தது திருச்சபையின் மன்னிப்பை அன்று. அதன் பாதி உருவத்தை. அந்தப் பாதி உருவம் நம்மிடையே அறவே இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஜோனஸ் அடிகளுக்கும் இது விளங்கியிருக்கிறது. மறைந்து கிடப்பதை வெளிக்கொணர்ந்து எதிர்கொள்ளவேண்டும் என்பது அவர் கருத்து. மடத்துத் தலைவரோ மறுக்கிறார். விருந்தாளியாய் வந்த விஸ்டனை வீரரிடம் காட்டிக்கொடுக்கவும் செய்கிறார். மறதியைக் காக்கப் புறப்பட்டவர்கள் விரைவில் புதிய பாவங்களைச் செய்யவேண்டியதாகிறது. 

இந்த இடத்தில் எனக்குத் தொடக்க நூலில் வரும் யோசேப்பு நினைவுக்கு வந்தார். உடன்பிறந்தாரால் விற்கப்பட்டு, எகிப்தில் உயர்ந்த யோசேப்பு, தம் தலைமகனுக்கு மனாசே என்று பெயரிட்டார். தம் துன்பத்தையும் தந்தை வீட்டையும் கடவுள் மறக்கச் செய்துவிட்டார் என்பது அப்பெயரின் பொருள். மகனைப் பெயர் சொல்லி அழைக்கும்போதெல்லாம் மறந்துவிட்டேன், மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் உண்மையிலேயே மறந்திருப்பாரா? பஞ்சத்தில் தானியம் வாங்க அண்ணன்மார் வந்து நின்ற கணத்தில் எல்லாம் திரும்பி வந்தது. பழிவாங்கும் ஆற்றல் முழுவதும் அவர் கையில் இருந்தது. அவர்களைச் சோதித்தார், தனியே சென்று அழுதார், இறுதியில், நீங்கள் விற்றுப்போட்ட உங்கள் தம்பி நானே என்று தம்மை வெளிப்படுத்தினார். விற்றதைச் சொல்லாமல் விடவில்லை. சொல்லிவிட்டுத்தான் கட்டித் தழுவினார். ஆயினும் தந்தை யாக்கோபு இறந்தவுடன், இப்போது பழிவாங்குவானோ என்று அண்ணன்மார் நடுங்கினர். மன்னிப்பைப் பெற்றுக்கொள்வது, கொடுப்பதினும் கடினம் போலும். யோசேப்பு மறுபடியும் அழவேண்டியிருந்தது.

இனிப் பழியின் கதைக்கு வருவோம். விஸ்டன் நல்ல வீரன், வாய்மையுள்ளவன், நம் மதிப்பைப் பெறுபவன். சிறுவயதில் பிரித்தானியரிடையே வளர்ந்ததனால் அவர்கள்மேல் அவனுக்கு ஒரு மறைவான பாசமும் உண்டு. அதையே பலவீனமெனக் கருதி வெறுக்கிறான். எட்வின் என்னும் பன்னிரண்டு வயதுச் சாக்சனியச் சிறுவனைத் தன் மாணவனாக்கிக்கொள்கிறான். தனக்குப் பின் அவன் செய்யவேண்டியது ஒன்றே என்று சத்தியம் வாங்குகிறான்: பிரித்தானியர் அனைவரையும் வெறுக்கவேண்டும், அன்பு காட்டியவராயினும் விலக்கில்லை. நில வழக்கையும் குலப் பகையையும் பிள்ளைகளுக்குச் சீதனம்போல் எழுதிவைத்துச் செல்லும் பெரியவர்களை நாம் அறிவோம். இங்கே ஆசிரியர் காட்டுவது அதன் தூய வடிவம். வஞ்சகனல்லாத ஒருவன், நீதியின் பேராலேயே, குழந்தையின் நெஞ்சில் வெறுப்பை விதைக்கிறான்.

இறுதியில் கவெய்ன் போரிட்டு மடிகிறார். விஸ்டன் பள்ளத்தில் இறங்கிப் பறவைநாகத்தின் தலையைக் கொய்கிறான். அது கொடிய விலங்காகவா இருந்தது? எலும்பும் தோலுமாய், எழவும் வலுவற்று, சாகும் தறுவாயில் கிடந்த கிழட்டு உயிர். மூடுபனி கலைகிறது. நன்றாகப் புதைக்கப்பட்டிருந்த அரக்கன் இனி எழுவான் என்று விஸ்டனே எச்சரிக்கிறான். அண்டை வீட்டார் இரவோடு இரவாக ஒருவரையொருவர் வெட்டிச் சாய்ப்பர். ஆக்ஸலும் பியாட்ரிஸும் இயன்றால் ஓடிப் பிழைக்கட்டும் என்கிறான். தூரத்தில் நிற்கும் சிறுவன் எட்வினைப் பார்த்து, எங்களை நினைவில் வைத்துக்கொள் என்று கிழத் தம்பதியர் குரல் கொடுக்கின்றனர். அவனுக்குத் தன் சத்தியம் நினைவுக்கு வருகிறது. ஆனால் தன் தலைவர் இந்த நல்ல முதியோரையும் சேர்த்துச் சொல்லியிருக்கமாட்டார் என்று அவன் தனக்குள் எண்ணிக்கொள்கிறான். நூல் முழுவதிலும் வருங்காலத்துக்கென ஆசிரியர் விட்டுவைக்கும் நம்பிக்கை அந்த ஒரு சிறு எண்ணம்தான்.

விஸ்டன் அஞ்சியது வரலாற்றில் பெருமளவு நடந்தேறியது. தீவின் பெரும்பகுதி சாக்சனியரும் அவர்தம் இனத்தாரும் ஆளும் இங்கிலாந்தாயிற்று. பிரித்தானியரின் மொழி மேற்கே வேல்ஸ் முதலிய மூலைகளில் ஒதுங்கிற்று. திருச்சபை வரலாற்றில் இதற்கொரு பின்குறிப்பு உண்டு. 597-இல் பாப்பரசர் பெரிய கிரகோரியார் அனுப்பிய அகுஸ்தீனார் என்னும் துறவி, உரோமையிலிருந்து புறப்பட்டு வந்து, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் மறை பரப்பத் தொடங்கினார். கூப்பிடு தூரத்தில் பிரித்தானியக் கிறிஸ்தவர்களும் ஆயர்களும் இருக்க, இவர் ஏன் அத்தனை தொலைவிலிருந்து வரவேண்டும்? 731-இல் தம் வரலாற்று நூலை முடித்த புனித பீட், பிரித்தானியர்கள் தங்களோடு தீவில் வாழ்ந்த சாக்சனியருக்கு ஒருபோதும் நற்செய்தி கூறவில்லை என்று கடிந்துரைக்கிறார். அகுஸ்தீனார் நேரில் அழைத்தபோதும் அந்த ஆயர்கள் அவரோடு சேர்ந்து போதிக்க இசையவில்லை என்கிறார். பீட் பிறப்பால் மறுபக்கத்தைச் சேர்ந்தவர். அவர் கடிந்துரையில் சற்று இனச்சார்பு இருக்கலாம். அப்படியே கழித்துப் பார்த்தாலும் மீதியிருப்பது சிந்திக்கத்தக்கது. தங்கள் நிலத்தைப் பறித்தவர்களோடு மோட்சத்தையும் பகிர்ந்துகொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை.

1990-களில் யூகோஸ்லாவியா சிதறுண்டதும், ருவாண்டாவில் நடந்த படுகொலையுமே தம்மை இந்நூலுக்கு இட்டுச்சென்றன என்று இஷிகுரோ கூறியிருக்கிறார். ஒரு தலைமுறைக்கு மேலாக அண்டை அயலாராய் வாழ்ந்தவர்கள் எப்படி ஒருவரையொருவர் வெட்டத் துணிந்தனர் என்பதே அவரைக் குடைந்த கேள்வி. 1994-இல் ருவாண்டாவில் ஏறத்தாழ நூறு நாட்களில் பல இலட்சம் மக்கள் கொல்லப்பட்டனர். அடைக்கலம் தேடிக் கோவில்களுக்குள் ஓடியவர்கள் கோவில்களுக்குள்ளேயே வெட்டுண்டனர். அங்குக் கொன்றவரும் கொலையுண்டவரும் பெரும்பாலும் நம் மறையைச் சேர்ந்தவரே. 2016 நவம்பரில் அந்நாட்டு ஆயர்கள், கத்தோலிக்கர் பலர் இக்கொடுமையில் பங்குகொண்டதற்காகப் பொதுவில் மன்னிப்புக் கேட்டனர். 2017 மார்ச்சில் அப்போதைய பாப்பரசர் பிரான்சிஸ், ருவாண்டா நாட்டுத் தலைவர் முன்னிலையில், திருச்சபையின் மக்கள் செய்த பாவங்களுக்காகக் கடவுளிடம் மன்னிப்பு இறைஞ்சினார். இதையெல்லாம் ஏன் மறுபடியும் பேசவேண்டும், திருச்சபைக்கு இழுக்கல்லவா என்று வருந்தியவர்களும் உண்டு. அந்த மடத்துத் தலைவரும் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணினார்.

இஷிகுரோவின் பிறப்பிடத்தையும் இங்கே நினைக்காமல் இருக்கமுடியவில்லை. 1945 ஆகஸ்டு 9-ஆம் நாள் நாகசாகிமேல் அணுகுண்டு விழுந்தபோது அவர் தாயார் அந்நகரில் இருந்தார், உயிர் தப்பினார். கத்தோலிக்கர் செறிந்து வாழ்ந்த உரகாமி பகுதிக்கு மேலேதான் அக்குண்டு வெடித்தது. மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளுக்கு ஆயத்தமாகப் பேராலயத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்த குருக்களும், அங்கிருந்த மக்களும் ஆலயத்தோடு அழிந்தனர். அப்பேராலயம் மீண்டும் எழுப்பப்பட்டபோதும், கருகி உடைந்த பழைய உருவச்சிலைகள் சிலவற்றை அப்புறப்படுத்தாமல் காத்து வைத்திருக்கிறார்கள். உயிர்த்த ஆண்டவரின் உடலிலும் ஆணிகளின் தழும்புகள் இருக்கத்தானே செய்தன. புனித தோமையார் அவற்றைத்தான் தொட விரும்பினார்.

நாடுகளின் கதை இப்படியிருக்க, அந்த முதிய தம்பதியர் கடற்கரையை அடைகின்றனர். பனி கலைந்துவிட்டதனால் அவர்களுக்கும் எல்லாம் திரும்பிவிட்டது. மகன் எந்த ஊரிலும் காத்திருக்கவில்லை. நெடுநாட்களுக்கு முன்பே கொள்ளைநோயில் இறந்துவிட்டான். அவன் வீட்டை விட்டு வெளியேறியதற்குக் காரணம், பெற்றோரிடையே எழுந்த கசப்பு. ஒரு காலத்தில், சிறிது காலம், பியாட்ரிஸ் கணவனுக்கு உண்மையற்றவளாய் இருந்தாள். ஆக்ஸல் அவளை மன்னித்தார். ஏற்றுக்கொண்டார். நாளடைவில் பழைய அன்பினும் மேலான அன்பு வளர்ந்தது. இதுவரை கேட்டால், எந்தப் பங்கிலும் குரு எடுத்துக்காட்டாய்ச் சொல்லத்தக்க குடும்பம்.

ஆனால் ஒன்று மீதியிருந்தது. மகன் இறந்த பின் அவன் கல்லறைக்குச் சென்று பார்க்கவேண்டும் என்று அவள் விரும்பினாள். ஆக்ஸல் தடுத்துவிட்டார். ஒருநாள் இருநாள் அன்று, ஆண்டுக்கணக்காய். தாமும் போகவில்லை, அவளையும் போகவிடவில்லை. ஏன் என்று படகோட்டி கேட்கும்போது அந்தக் கிழவர் மறைக்காமல் சொல்கிறார். வாயால் மன்னித்தேன், செயலிலும் மன்னித்தேன். ஆயினும் உள்ளத்தின் ஒரு சிற்றறையைப் பூட்டியே வைத்திருந்தேன். அங்கே பழிவாங்கும் ஏக்கம் ஒன்று குடியிருந்தது என்பது அவர் சொல்வதன் கருத்து. அவளைத் தண்டிக்க அவர் கையில் கிடைத்த கருவி, பெற்ற மகனின் கல்லறை.

மன்னர்களின் பெரும் படுகொலையைப் பற்றிப் படித்தபோது கலங்காத நெஞ்சு இந்த இடத்தில் கலங்கியது. படுகொலை நாம் செய்யக்கூடியதன்று. இதுவோ நாம் செய்வது. மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, மருமகளை அவள் தாய்வீட்டுத் திருமணத்துக்கு அனுப்பாமல் இருத்தல். தம்பியோடு ஒப்புரவாகிப் பந்தியில் ஒன்றாய் அமர்ந்த பின்னும் அவன் பிள்ளைகளின் பெயரை வாயால் சொல்லாதிருத்தல். ஒருமுறை தவறிய மனைவியிடம், அல்லது கணவரிடம், சாவிக்கொத்தை மட்டும் திருப்பிக் கொடாதிருத்தல். இவற்றைப் பாவம் என்று எவரும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்வதில்லை. உரிமை என்று எண்ணுகிறோம்.

ஆசிரியர் ஆக்ஸலின் நாவில் மற்றொரு கேள்வியையும் வைக்கிறார். பனி மட்டும் நம் நினைவைக் கவர்ந்திராவிட்டால், இத்தனை ஆண்டுகளில் நம் அன்பு இவ்வளவு உறுதியாக வளர்ந்திருக்குமா? பழைய புண் ஆறுவதற்கு அதுவே இடம் தந்ததோ? பியாட்ரிஸ் இதை மறுக்கவில்லை. நானும் இதை முழுவதும் மறுக்கமாட்டேன். மறதியும் சில நாட்களில் கடவுள் தரும் மருந்தாய் இருக்கலாம். ஆனால் ஆறிய புண்ணை அவர்கள் பார்த்தது பனி கலைந்த பின்னரே. ஒருவர் செய்ததை மற்றவர் தெரிந்துகொண்டு, அதன் பின்னும் கையை விடாமல் பற்றிக்கொண்டதும் அப்போதுதான்.

கடைசி அத்தியாயத்தைப் படகோட்டியே சொல்வதாக ஆசிரியர் அமைத்திருக்கிறார். பியாட்ரிஸ் நோயுற்றுத் தளர்ந்திருக்கிறாள். மகன் அந்தத் தீவில் இருப்பதாக அவள் நம்புகிறாள்; அவனிடம் போய்ச் சேரவேண்டும் என்பதே அவள் ஆசை. இருவரும் ஒன்றாய் வாழத் தகுந்தவர்களே என்று படகோட்டி கூறுகிறான். ஆயினும் அலை உயர்ந்திருப்பதனால் ஒருமுறைக்கு ஒருவரைத்தான் ஏற்றிச் செல்லமுடியும் என்கிறான். அவன் சொல்வது உண்மையா? முன்பு இதேபோல் ஏமாற்றப்பட்ட ஒருத்தியை இருவரும் வழியில் கண்டிருக்கிறார்கள். ஆக்ஸலுக்கு ஐயம் தீரவில்லை. பியாட்ரிஸோ படகோட்டியை நம்பலாம் என்கிறாள். அவனோடு சச்சரவு வேண்டாம் என்று கெஞ்சுகிறாள். ஆக்ஸல் அவளைப் படகில் வைத்து, சற்று நேரம் பேசிக்கொண்டிருக்கிறார். விடைபெறுகிறேன், என் ஒரே மெய்யன்பே, என்ற பொருள்பட ஒரு சொல் சொல்கிறார். பின்னர் நீரில் இறங்கிக் கரையை நோக்கி நடக்கிறார்.

கரையில் எனக்காகக் காத்திரும், நண்பரே என்று படகோட்டி மெதுவாய்ச் சொல்கிறான். அது அந்தக் கிழவர் செவியில் விழவில்லை. அவனைத் திரும்பியும் பாராமல், நீரை விலக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறார். இப்புத்தகத்தைப் படித்த நண்பர் ஒருவர், ஆக்ஸல் கரையில் காத்திருப்பார் என்றார். அவர் மனைவி, காத்திருக்கமாட்டார், அவள் முகத்தை இன்னொரு முறை பார்த்தால் விடமுடியாது என்பதனால் போய்விட்டார் என்றார். இருவரும் அன்றிரவு நெடுநேரம் உறங்காமல் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்களாம்.